ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்

பேதிக்கு மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டால் கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒரு பொட்டலத்தை எடுத்துப் போடுவார். டாக்டர் சீட்டு தேவையில்லை, விலையும் அதிகமில்லை. பிரித்துக் கொட்டினால் வெள்ளைத் தூள்; சர்க்கரையா உப்பா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் இருப்பது 20.5 கிராம். குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6, சோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. அவ்வளவுதான்.

பேதியில் போவது தண்ணீர்தானே, தண்ணீரையே குடித்தால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். அதற்குக் குடலின் அன்றாட வரவு செலவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு மனிதர் உண்பதிலும் குடிப்பதிலுமாக ஒரு நாளைக்கு உள்ளே போகும் நீர் சுமார் 2 லிட்டர். ஆனால் குடலுக்கு வந்து சேர்வதோ 8, 9 லிட்டர். மீதியை உடம்பே சுரந்து ஊற்றுகிறது: எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலின் சொந்தச் சுரப்பு. இத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சிவிடுகிறது. மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லி, ஒரு டம்ளர் அளவு. காலையில் வாங்கிய கைமாற்றைச் சாயங்காலமே திருப்பித் தரும் சந்தை வியாபாரியின் கணக்கு இது. வாங்குவது நடந்து, திருப்புவது மட்டும் நின்றுபோனால் என்ன ஆகும்? அதற்குப் பெயர்தான் பேதி.

திருப்புவது எப்படி நடக்கிறது என்பதில்தான் சுவாரசியம். தண்ணீரை நேரடியாக இறைக்கும் பம்பு எதுவும் குடலில் கிடையாது. சோடியம் போகிற இடத்துக்குத் தண்ணீர் பின்னாலேயே போகும், அவ்வளவே. சோடியம் உள்ளே நுழையக் குடல் செல்களில் பல வாசல்கள் உண்டு. அவற்றில் ஒன்று கொஞ்சம் பிடிவாதக்கார வாசல். குளுக்கோஸ் மட்டும் தனியாக வந்தால் விடாது. சோடியம் மட்டும் வந்து நின்றாலும் விடாது. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்து வந்தால் மூன்றையும் ஒன்றாக உள்ளே தள்ளிவிடும். சர்க்கரையும் உப்பும் இப்படி ஜோடி போட்டுத்தான் நுழைகின்றன என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் படம் வரைந்து சொன்னார்.

காலரா கிருமியின் நச்சு, செல்லிலிருந்து குளோரைடு வெளியேறும் கதவைத் திறந்துபோட்டுவிடுகிறது. குளோரைடின் பின்னால் சோடியம், அதன் பின்னால் தண்ணீர். அரிசி கழுவிய நீர்போல மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். உப்பை உள்ளிழுக்கும் வேறொரு வாசலையும் அந்த நச்சு அடைக்கிறது. ஆனால் குளுக்கோஸ் ஜோடி நுழையும் அந்தப் பிடிவாதக்கார வாசலை அதனால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. எவ்வளவு மோசமான பேதியிலும் அது வேலை செய்கிறது. வெறும் தண்ணீர் குடித்தால் வந்த வழியே போகும். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்து குடித்தால் உள்ளே நிற்கும். டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் 1968இல் டாக்காவில் காலரா நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து நிரூபித்தார்கள்.

ஆனாலும் பெரிய மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. ஊசி வழியாகச் சலைன் ஏற்றுவதுதான் வைத்தியம். வாயால் குடிக்கவைப்பது பாட்டி வைத்தியம் என்ற எண்ணம். அதை உடைத்தது ஒரு போர்.

1971இல் போருக்குத் தப்பி, கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பன்கான் ஊர் மருத்துவமனையின் இரண்டு அறைகளில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். சலைன் ஏற்ற வேண்டுமென்றால் வாந்தியிலும் பேதியிலும் மண்டியிட்டுத்தான் ஊசி குத்த வேண்டும். அங்கே போன மருத்துவர் திலீப் மஹலநாபிஸ், சலைன் கையிருப்பு தீர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கணக்கிட்டு, கல்கத்தாவில் எடைபோட்டு, பாலிதீன் பைகளில் கொட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாய் ஒட்டி, அகதி முகாமுக்கு அனுப்பவைத்தார். அங்கே டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களே குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு, இந்தக் கரைசல் கொடுத்தவர்களிடையே 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. 2022இல் மறைந்த அவருக்கு, மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. கொஞ்சம் தாமதம்தான்.

சோடா உப்பு கலந்த தூள் ஈரக்காற்றில் கெட்டுப்போனதால் அந்த இடத்துக்குப் பின்னாளில் சிட்ரேட் வந்தது. பேதியால் ரத்தத்தில் ஏறும் அமிலத்தன்மையை அது சரிசெய்கிறது. பொட்டாசியம், தசைக்கும் இதயத் துடிப்புக்கும். பேதியில் இதுவும் கரைந்து போவதால்தான் கைகால் துவண்டுவிடுகிறது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் உப்பையும் சர்க்கரையையும் குறைத்தது. குறைத்ததும் வாந்தி குறைந்தது. குழந்தைகளுக்கு ஊசி வழியாக ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, பேதியான குழந்தைகளுக்குக் கரைசலோடு 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரையும் தரச் சொன்னார்கள்.

நம் வீட்டு உப்புக்கஞ்சி இதில் எங்கே வருகிறது? அரிசியின் மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸாகும். அதே வாசல், அதே ஜோடி. உப்பு போட மறந்தால் பாதி வேலை கெட்டது. இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். வெயிலுக்கு அமிர்தம், கடும் பேதிக்கு அது மட்டும் போதாது. வேலூர் சி.எம்.சி.யின் ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால், பெருங்குடல் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள் அங்கேயும் சோடியத்தை உறிஞ்சவைக்கும். காலரா நோயாளிகளிடம் இது பேதியைக் குறைத்ததை 2000இல் வெளியிட்டார்கள்.

இத்தனை நுட்பமும் அடுக்களையில் ஒரே நிமிடத்தில் பாழாவது உண்டு. ஒரு லிட்டர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குவது அப்படியொன்று. அடர்த்தி ஐந்து மடங்கு ஏறிவிடும். உடம்பிலிருக்கும் தண்ணீரையும் அது குடலுக்குள் இழுக்கும், ரத்தத்தில் சோடியமும் கூடும். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் உண்டு; பின்பக்கம் பார்த்துவிட்டுப் பிரிப்பது நல்லது. சர்க்கரை மிகுந்த பெட்டிப் பானங்களுக்கும் இதே கோளாறு. அவை ‘ஓ.ஆர்.எஸ்.’ பெயரைப் போட்டு விற்கக் கூடாதென்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

பொட்டலம் கிடைக்காத ராத்திரியில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஒரு நிமிடத்துக்கோ இரண்டு நிமிடத்துக்கோ ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக மறுபடி ஆரம்பிக்கலாம். கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லத்தான் திரும்புகிறது என்றால் ஸ்பூனோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். போகிற வழியிலும் புகட்டிக்கொண்டே போகலாம்.