குட்டி ஊளையிட்டால் அபசகுனமா?

நாய்க்குட்டி வளர்க்கும் சகோதரிகளுக்கு என் அனுபவம் உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் பக்கத்தில் நாய் இல்லாத தெருவே கிடையாது. மீன் இறங்கும் இடத்தில் அதுகளுக்கு ஒரு வாய் எப்படியும் கிடைத்துவிடும். வீட்டுக்கென்று வளர்க்கும் குட்டியின் கதை வேறு. குறைந்தது எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் அது இருக்க வேண்டும். ஆனால் பலர் ஒரு மாதத்திலேயே பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எங்களுக்கு வந்த கறுப்புக் குட்டியும் அப்படி வந்ததுதான்.

நான் வாசற்படி தாண்டினால் போதும், நடுங்கும். கதவைப் பிறாண்டும், நின்ற இடத்திலேயே சிறுநீர் போகும், பிறகு ஒரே ஊளை. பக்கத்து வீட்டு அத்தை, "ஏம்மா, நாய் ஊளையிட்டா குடும்பத்துக்கு ஆகாது. சாக்குல போட்டு ரோட்டுக்கு அந்தாண்ட விட்டுட்டு வரச் சொல்லு" என்றார். ரோடு என்றால் லாரிகள் பறக்கும் கொல்கத்தா நெடுஞ்சாலை! என் வீட்டுக்காரரும் சலித்துப்போய் ஒரு மாதம் கெடு வைத்துவிட்டார்.

ஊளை சகுனமில்லை, கூப்பாடு. கூட்டமாக வாழ்ந்த ஓநாய் வம்சத்தில் வந்தது நாய். தனியாக விடப்பட்ட குட்டிக்கு அது உயிர்ப் பயம். திரும்பி வந்து அடித்தால், எப்போதோ செய்த அட்டகாசத்துக்கு இப்போது அடி என்று அதற்குப் புரியாது. நாம் வருவதற்கும் சேர்த்துப் பயப்பட ஆரம்பித்துவிடும்.

மணியோசையோடு சாப்பாட்டைச் சேர்த்துப் பழக்கினால், ஓசை கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டினார் அல்லவா? அதே கணக்குதான் இங்கேயும். சாவி சத்தம் கேட்டாலே என் குட்டிக்கு நடுக்கம். அதனால் ஒரு நாளில் பத்து முறை சாவியையும் பையையும் எடுப்பேன். எங்கேயும் போகாமல் மறுபடி உட்கார்ந்து அரிசி பொறுக்குவேன். நாலைந்து நாளில் சாவியை அது கண்டுகொள்ளவே இல்லை.

அடுத்தது வாசற்படி. ஐந்து எண்ணும் வரை வெளியே நின்று, அழுவதற்கு முன்பே உள்ளே வந்துவிடுவேன். பிறகு பத்து, அப்புறம் அரை நிமிஷம். அழுதுவிட்டால் அடுத்த தடவை நேரத்தைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. போகும்போது கொஞ்சல் வேண்டாம், வந்ததும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். படுக்க என் பழைய புடவை. அதில் நம் வாசனை இருக்கும்.

கிளம்பிய முதல் அரைமணிதான் பெரும்பாலும் கஷ்டம். அந்த நேரத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். முள் நீக்கிய மடவை மீனைக் கேழ்வரகுக் களியோடு பிசைந்து, கனமான கிண்ணத்தின் அடியில் அழுத்தி அப்பி வைப்பேன். நக்கி முடிப்பதற்குள் பாதிப் பயம் போய்விடும். வெங்காயம் மட்டும் சேர்க்காதீர்கள், நாய்க்கு ஆகாது.

மூன்றாவது வாரம் ரேஷன் கடைக்குப் போய் வர முடிந்தது. நடுவில் ஒரு நாள் இடி மழையில் பழையபடி நடுங்கியது. திரும்பவும் ஐந்து எண்ணுவதிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது ரயிலேறி கும்மிடிப்பூண்டிக்குப் போய், இரண்டு மணி நேரம் கழித்து வந்தாலும் புடவை மேல் தூங்கிக்கொண்டிருக்கிறது. கெடு வைத்தவரே இப்போது கிண்ணத்தில் களி அப்புகிறார்!

எல்லாக் குட்டிக்கும் இதே நாள் கணக்கு என்று சொல்ல முடியாது. தன்னையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டாலோ, சாப்பிடாமல் கிடந்தாலோ அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் சென்னை வேப்பேரியில் இருக்கிறது. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் நாளில் மறு ஊசி. இதை மறக்க வேண்டாம்.

வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். சாக்கைக் கையில் எடுக்கும் முன், ஐந்து எண்ணிப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, எளாவூர்.