கெட்டது கம்ப்யூட்டர் இல்லை, பிரவுசர்!



போன மாதம் ஒரு கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கணக்காளர் தங்கச்சி கவலையோடு உட்கார்ந்திருந்தார். "அக்கா, இன்டர்நெட்டைத் திறந்தாலே ஏதோ விளம்பரப் பக்கம் வருது. ஒண்ணு தேடினா வேற எங்கேயோ போகுது. கடைக்காரர் ஃபார்மட் பண்ணணும்னு சொல்றார்" என்றார். ஃபார்மட் செய்தால் கம்ப்யூட்டரில் இருக்கிற எல்லாமே அழிந்துவிடும். குழுக்களின் கடன் பதிவு முழுக்க அதில்தான் இருக்கு, நகலும் இல்லை!

இன்டர்நெட் பார்க்க நாம் திறக்கும் குரோம், ஃபயர்பாக்ஸ் போன்றவைதான் பிரவுசர். முதலில் எந்தப் பக்கம் வரணும், எதில் தேடணும் என்பதையெல்லாம் அது குறித்து வைத்திருக்கும். இலவசமாக எதையாவது டவுன்லோடு செய்யும்போது படிக்காமல் 'ஓகே' அழுத்துகிறோம் இல்லையா, அப்போது கூடவே வரும் 'எக்ஸ்டென்ஷன்' இந்தக் குறிப்பை மாற்றிவிடும். நம் எக்செல் கணக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'செட்டிங்ஸ்' போங்கள். அதில் 'ரீசெட் செட்டிங்ஸ்' இருக்கும். உள்ளே போய், பழைய நிலைக்குத் திரும்பச் சம்மதம் கொடுத்தால் போதும். ஃபயர்பாக்ஸில் 'ஹெல்ப்' பகுதிக்குள் 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்தால், 'ரிஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்' என்ற பொத்தான் தெரியும்.

குரோமில் இப்படிச் செய்தால் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு, பார்த்த பக்கங்களின் பட்டியல் அப்படியே இருக்கும். எக்ஸ்டென்ஷன்கள் நின்றுவிடும். நாம் திறந்து வைத்திருந்த இணையதளங்களில் இருந்து வெளியே வந்துவிடுவோம், மறுபடி லாகின் செய்யணும். அதனால், அழுத்தும் முன்பே யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்கா, ஓ.டி.பி. யார் போனுக்கு வரும் என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

சில நாளில் தொல்லை திரும்பி வந்தால், தெரியாத ஏதோ ஒரு புரோகிராம் கம்ப்யூட்டரிலேயே ஏறியிருக்கலாம். அதையும் நீக்கணும். 'வைரஸ் இருக்கு, இந்த நம்பருக்குக் கூப்பிடு' என்று திரையில் வந்தால் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். அது பணம் பறிக்கும் வேலை.

அந்த அலுவலகத்தில் பத்தே நிமிடத்தில் பிரவுசர் சரியாகிவிட்டது. ஆனால் ஓ.டி.பி. முன்னாள் தலைவி அக்கா போனுக்குப் போச்சு. அவர் நடவு வேலையில் இருந்தார். அவர் கரையேறி வந்த பிறகு, சாயங்காலம்தான் நாங்கள் லாகின் செய்ய முடிந்தது.