பரமேச்சுர விண்ணகரம்: கச்சி மாநகரின் தொன்மைச் சின்னங்களை ஸேவிக்கும் முறை

கச்சி மாநகருக்கு யாத்திரை செல்வோருள் இரு சாரார் உண்டு. திவ்யதேசங்களை ஸேவிப்பதற்காகச் செல்வோர் ஒரு சாரார். பல்லவர் காலக் கற்றளிகளைக் காண்பதற்காகச் செல்வோர் மற்றொரு சாரார். முன்னவர் சந்நிதியில் தீர்த்தமும் சடாரியும் பெற்று மகிழ்ந்து திரும்புவர். திருச்சுற்றின் சுவரில் உள்ள எழுத்தை நோக்குவதில்லை. பின்னவர் சிற்பங்களை ஒவ்வொன்றாக நின்று ஆராய்வர். அக்கோயிலைப் பற்றி ஆழ்வார் அருளிய திருமொழி உண்டு என்பதை அறிவதில்லை. இரு சாராரும் பாதியையே கண்டு வருகின்றனர். முழுமையும் காண்பதற்கான நெறியை நம் ஆசிரியர்களின் நூல்களே காட்டுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பிரத்யக்ஷம், அனுமானம், சப்தம் எனப் பிரமாணங்கள் மூன்று என்பது நம் ஸித்தாந்தம். இம்மூன்றுக்கும் தனித்தனியே விஷயம் உண்டு. கண்ணால் காண்பதற்கு வாக்கின் துணை வேண்டுவதில்லை. வாக்கினால் மட்டுமே அறியத் தக்கதைக் கண் காட்டவில்லையே என்று குறை கூறுவதும் பொருந்தாது. பழைய நகரம் ஒன்றைக் காணப் புகுவோனுக்கும் இதுவே வழி. எதிரே நிற்கும் கல் பிரத்யக்ஷம். அக்கல்லின் இடம், பொருள், எழுத்து ஆகியவற்றைக் கொண்டு துணிவது அனுமானம். பாசுரமும் வியாக்யானமும் குருபரம்பரையும் நமக்குச் சப்தத்தின் ஸ்தானத்தில் நிற்பன. எந்தச் சாட்சியிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்து கேட்பதே இங்கு விவேகம்.

காஞ்சியில் திவ்யதேசங்கள் பதினான்கு. ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் ஆகிய நான்கும் உலகளந்த பெருமாள் கோயில் என்னும் ஒரே வளாகத்துள் உள்ளன. நிலாத்திங்கள் துண்டம் ஏகாம்பரநாதர் கோயிலினுள்ளும், திருக்கள்வனூர் காமாக்ஷியம்மன் கோயிலினுள்ளும் அமைந்துள்ளன. ஆகவே சைவ, வைஷ்ணவச் சின்னங்களைப் பிரித்து வைத்து இந்நகரை அறிந்துகொள்ள இயலாது. இப்பதினான்கனுள் மூன்று பிரமாணங்களும் ஒருங்கே கூடி நிற்கும் இடம் பரமேச்சுர விண்ணகரம். இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் என வழங்கும் இத்தலம் பெரிய காஞ்சியில் உள்ளது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்து வருகிறது.

இதன் விமானம் மூன்று நிலைகளையுடையது. கீழ்நிலையில் பரமபதநாதன் மேற்கு நோக்கி வீற்றிருந்த திருக்கோலத்திலும், அதற்கு மேல்நிலையில் கிடந்த திருக்கோலத்திலும், அதற்கும் மேலே நின்ற திருக்கோலத்திலும் எழுந்தருளியிருக்கிறான். சுற்றிலும் சிம்மத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று மாளிகை. அதன் சுவர் முழுவதும் வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள். பிரமன் தொடங்கி, அங்கிரஸ், ப்ருஹஸ்பதி, பரத்வாஜர், த்ரோணர், அச்வத்தாமா என வந்து பல்லவ அரசர்களின் வரலாறாக அவை விரிகின்றன. ஓர் அரசகுலத்தின் வரலாற்றைத் தொடர்ச்சியாகக் கல்லில் காட்டும் இத்தகைய இடம் நம் நாட்டில் மிக அரிது. முனைவர் சி. மீனாட்சி இச்சிற்பங்களை முறையாக ஆராய்ந்து எழுதிய நூல் 1941இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது.

இக்கோயிலின் பெயரே முதல் வினாவை எழுப்பும். பரமேச்சுரன் என்பது சிவபெருமானுக்கு வழங்கும் பெயர் என்றே கேட்டுப் பழகியவர்கள், எம்பெருமான் கோயிலுக்கு இப்பெயர் வந்த காரணம் அறியாது மயங்குவர். இரண்டாம் பரமேச்வரவர்மன் எடுப்பித்தமையால் இப்பெயர் வந்தது என்பாரும் உளர். இதற்கு விடை திருச்சுற்றிலேயே இருக்கிறது. சிற்ப வரிசையில் முடிசூட்டு விழாவைக் காட்டும் பகுதியின் கீழே தமிழ்க் கல்வெட்டு உள்ளது. இரண்டாம் பரமேச்வரவர்மனுக்குப் பின் அரியணைக்கு உரியவர் இல்லாமற் போகவே, மாத்ரர்களும் மூலப்ரக்ருதிகளும் கடிகையாரும் ஹிரண்யவர்ம மஹாராஜனிடம் சென்று அரசன் ஒருவனைத் தரும்படி வேண்டினர். அவனுடைய மக்களுள் மூத்தோர் மூவரும் உடன்படவில்லை. நான்காம் மகன், 12 வயதே நிரம்பியவன், தான் செல்வதாக முன்வந்தான். பரமேச்வரன் என்னும் பெயருடைய பல்லவமல்லன் அவனே. முடிசூட்டியபோது இட்ட அபிஷேக நாமம் நந்திவர்மன்.

ஆக, இக்கோயில் தாங்கி நிற்பது அரசனின் இளமைப் பெயர் எனக் கொள்வது பொருத்தமாகிறது. சுமார் 731ஆம் ஆண்டில் அரியணை ஏறிய இவன் ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆண்டான். குடிமக்கள் இவனைத் தேர்ந்தெடுத்த செய்தியைக் காசக்குடிச் செப்பேடும் கூறுகிறது. கல்லும் செப்பேடும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் இத்துணிபு வலிமை பெறுகிறது.

இனிச் சப்தத்துக்கு வருவோம். இத்தலத்தை மங்களாசாஸனம் செய்தவர் திருமங்கையாழ்வார் ஒருவரே. பெரிய திருமொழி இரண்டாம் பத்தில் ஒன்பதாம் திருமொழி இதற்கு உரியது. முதலாழ்வார்களின் அந்தாதிகளில் திருவெஃகா இடம்பெறுகிறது. பரமேச்சுர விண்ணகரம் இடம்பெறவில்லை. இக்கோயில் அவர்கள் காலத்துக்குப் பிற்பட்டது என்பதற்கு இது இசைந்து வருகிறது. எனினும் பாடாமையை மட்டும் கொண்டு இல்லாமையைத் துணியலாகாது. கல்வெட்டின் துணை கிடைத்த பின்னரே இவ்வனுமானம் நிலைபெறுகிறது.

மண்ணை, நென்மெலி, கருவூர் எனப் பல்லவன் வென்ற களங்களைத் திருமங்கையாழ்வார் பெயர் சொல்லிப் பாடுகிறார். நந்திவர்மனின் படைத்தலைவன் உதயசந்திரனின் போர்களை உதயேந்திரம் செப்பேடு விரித்துரைக்கிறது. நந்திபுரத்தில் முற்றுகையிடப்பட்ட அரசனை அவன் மீட்டதும், சித்திரமாயன் என்னும் பகைவனைக் கொன்றதும் அதில் உள்ளன. செப்பேட்டையும் திருமொழியையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஒரு வேறுபாடு புலனாகும். செப்பேட்டில் வெற்றியே முடிவான பொருள். ஆழ்வாருக்கோ, வென்றவன் இங்கு வந்து பணிந்தான் என்பதே பொருள். வெற்றிகள் எல்லாம் அப்பணிவுக்கு அடைமொழிகளாய் நிற்கின்றன. அரசன் யார், எவ்வாறு முடிசூடினான் என்பதைக் கல்வெட்டு கூறும். அவன் திருவடியில் எவ்வாறு நின்றான் என்பதை ஆழ்வாரிடமே கேட்டறிய வேண்டும்.

சிற்பங்களின் இருப்பிடமும் இதற்கு உடன்படுகிறது. தன் குலவரலாற்றை அவன் கருவறைச் சுவரில் வைக்கவில்லை. நடுவே எம்பெருமானை மூன்று திருக்கோலங்களில் எழுந்தருளச் செய்து, தன் முன்னோரையும் தன்னையும் பிரதக்ஷிண வழியில் சூழ நிறுத்தினான். வலம் வருவோர் இதனை மனத்திற் கொண்டு நடந்தால் சிற்பமும் பாசுரமும் ஒரே பொருளைச் சொல்வது விளங்கும்.

வெற்றிகளை மட்டும் கேட்டால் வரலாறு நிறைவுறாது. ராஜஸிம்ஹன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலுக்கும் செல்ல வேண்டும் என்பது இதனாலேயே. அங்கே தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு உள்ளது. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்ரமாதித்யன் காஞ்சியைக் கைப்பற்றியதையும், அக்கோயிலின் பெருஞ்செல்வத்தைக் கண்டு அதனைக் கவராமல் இறைவனுக்கே விட்டுச் சென்றதையும் அது தெரிவிக்கிறது. நந்திவர்மன் காலத்தில் இந்நகர் ஒருமுறை மாற்றான் வசப்பட்டது என்பதை மாற்றானின் எழுத்தே அறிவிக்கிறது. நகரின் கோயிற் செல்வம் தப்பிய வரலாறும் அதே தூணில்தான் இருக்கிறது. வாதத்தில் பிரதிவாதியின் ஒப்புதலுக்குத் தனி மதிப்பு உண்டன்றோ!

சப்தத்தையே முதன்மையாகக் கொண்டு ஸேவிக்க வேண்டிய இடங்களும் இந்நகரில் உண்டு. திருவெஃகாவில் எம்பெருமான் மற்ற தலங்களினின்றும் மாறிக் கிடக்கும் திருக்கோலம் கண்ணுக்குப் புலனாவது. அதன் காரணமாகிய திருமழிசையாழ்வார், கணிகண்ணன் வரலாறு குருபரம்பரையால் வருவது. அத்தலத்தின் பழமைக்குப் பெரும்பாணாற்றுப்படையும் சாட்சி. எம்பெருமானார் பேரருளாளனுக்குத் தீர்த்தம் கொணர்ந்த சாலைக்கிணற்றின் கரையில் நிற்கும்போது கல்வெட்டைத் தேடுவது வீண். அங்கே பரம்பரை பேசுகிறது. அவ்வாறே, பரமேச்சுர விண்ணகரத்தில் கல்வெட்டு தெளிவாகச் சொல்வதை விட்டுவிட்டுச் செவிவழிக் கதையால் பெயர்க்காரணம் கூறுவதும் முறையன்று.

இவ்வாராய்ச்சியில் ஓர் அவசரமும் உண்டு. திருச்சுற்றின் சிற்பங்கள் மணற்கல்லில் செய்யப்பட்டவை. மணற்கல் ஈரத்தாலும் காற்றாலும் பொடிந்து உதிரும் தன்மையது. முகங்கள் பல மழுங்கிவிட்டன. வழிபடுவோர் கை வைத்தாலும் சாய்ந்தாலும் தேய்மானம் மிகும். பாசுரங்கள் நம் நாவில் இருக்கின்றன; ஆயிரம் ஆண்டுகளாக ஓதி வருவதால் அவற்றுக்கு அழிவில்லை. கல்லுக்கு அப்பாதுகாப்பு இல்லை. அவ்வெழுத்துகள் மறைந்தால், ஆழ்வார் பல்லவன் என்று பாடியவன் 12 வயதில் தொலைவிலிருந்து அழைத்துவரப்பட்ட சிறுவன் என்பதை வருங்காலத்தார் நேரில் கண்டறிய வழியிராது.

ஆதலின் யாத்திரை செல்வோருக்குச் சில விண்ணப்பங்கள். புறப்படுமுன் அத்திருமொழியை வியாக்யானத்துடன் ஒருமுறை படித்துக்கொள்க. காலையில் கைலாசநாதர் கோயிலைக் கண்டு, பரமேச்சுர விண்ணகரத்துக்கு வருக; நடை சாத்துமுன் பெருமாளை ஸேவித்த பிறகு, திருச்சுற்றை நிதானமாக வலம் வருக. சுவரைத் தொடாதீர்; கற்பூரமோ விளக்கோ சிற்பத்தின் அருகில் ஏற்றாதீர். பின்னர் ஊரகம், பாடகம் ஸேவித்து, மாலையில் தூப்புல், திருவெஃகா வழியாக அத்திகிரியை அடைவது எளிது. உடன் சிறுவர்கள் வந்தால், முடிசூட்டுச் சிற்பத்தின் முன் அவர்களை நிறுத்தி, அவ்வரசனின் வயதைச் சொல்லி, பின் பாசுரத்தைச் சொல்லிக்கொடுங்கள்.