சுதந்திர தின விழாவுக்கு நான்கே நாள்: எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது?

'இந்த ஆண்டு சுதந்திர தினத்துக்கு என்ன ஏற்பாடு?' தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற பெருநகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், வாட்ஸ்ஆப் குழுக்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் ஆகஸ்ட் 10 அல்லது 11-ஆம் தேதிதான் எழுகிறது. அடுத்த சில மணி நேரத்தில் யோசனைகள் குவிகின்றன. மாறுவேடப் போட்டி, நடனம், வினாடி வினா, மூவண்ணச் சிற்றுண்டி எனப் பட்டியல் நீள்கிறது. கொடியை யார் வாங்குவது, கயிறு நல்ல நிலையில் இருக்கிறதா என்பவை மட்டும் விடுபட்டுப் போகின்றன.

அவசரத்தில் நடத்தப்படும் விழாக்களில் தவறு நேர்வது பெரும்பாலும் கலை நிகழ்ச்சியில் அல்ல. கொடி தலைகீழாகக் கட்டப்பட்டிருக்கும். அல்லது முடிச்சு இறுகி, கூட்டம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கொடி விரியாமல் நிற்கும். மறுநாள் காலையில் சிறு கொடிகள் சாக்கடையோரம் கிடக்கும். எனவே நாள் குறைவாக இருக்கும்போது, எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை முதலில் உறுதிசெய்வது என்பதே முக்கியம். கொடி, தேசிய கீதம், அனைவருடைய வருகை ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் விழா நிறைவு பெறும். மற்றவை நேரம் இருந்தால் சேர்த்துக்கொள்ள வேண்டியவை.

முதல் நாள்: நேரமும் பொறுப்பும்

முதல் நாளில் முடிவு செய்ய வேண்டியவை நான்கு: நேரம், இடம், மழை வந்தால் மாற்றிடம், ஒவ்வொரு வேலைக்கும் ஒருவரின் பெயர். 'எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்று விடப்படும் வேலை எவராலும் செய்யப்படாமல் போகக்கூடும். கொடிக்கு ஒருவர், ஒலி அமைப்புக்கு ஒருவர், சிற்றுண்டிக்கு இருவர், விழா முடிந்தபின் தூய்மைப் பணிக்கு இருவர் என ஆறு பேர் போதும்.

செங்கோட்டையில் பிரதமர் கொடியேற்றி ஆற்றும் உரையைப் பலரும் காலையில் தொலைக்காட்சியில் பார்ப்பார்கள். அது முடிந்தபின் கூடும்படி நேரம் வைப்பது வருகையைக் கூட்டும். காவலர்களின் பணி மாறும் நேரத்தையும், வீட்டு வேலைக்கு வருவோர் அடுத்த வீட்டுக்குச் செல்லும் நேரத்தையும் கேட்டறிந்து முடிவு செய்வது நல்லது. ஆண்டு முழுவதும் அந்த வளாகத்தைக் காத்தும் துடைத்தும் வருபவர்கள், விழாவன்று நாற்காலி அடுக்குபவர்களாக மட்டும் நிற்க நேர்ந்தால், கொண்டாடப்படும் சுதந்திரத்தின் பொருளே குறைந்துவிடும்.

கொடியேற்றுபவர் பிரமுகராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தேசியக் கொடியை மரியாதையுடன் பறக்கவிடுவது, அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவின்கீழ் குடிமக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பளித்தது. கடைசி நேரத்தில் சிறப்பு விருந்தினரைத் தேடி அலைவதைக் காட்டிலும், நீண்ட காலம் பணியாற்றிய காவலரையோ, தூய்மைப் பணியாளரையோ, வளாகத்தின் மூத்த குடிமகளையோ அழைப்பது எளிது, பொருத்தமும்கூட.

ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் உரிய அதிகாரியிடம் எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும் என 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. குடியிருப்புப் பகுதிகளில் பகல் நேர ஒலி வரம்பு 55 டெசிபல். அனுமதிக்கு நாள் போதாதெனில் ஒலிபெருக்கி இல்லாமலே நடத்திவிடலாம். நூறு பேர் ஒன்றாகப் பாடும் தேசிய கீதத்துக்குக் கருவி தேவையில்லை.

இரண்டாம் நாள்: கொடி

இந்தியக் கொடி விதிமுறை 2002-ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. கொடியின் நீள, அகல விகிதம் 3:2 ஆக இருக்க வேண்டும். கைராட்டை நூலில் நெய்த கொடிகளுக்கே முன்னர் இடமிருந்தது. 2021 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், இயந்திரத்தில் தயாரான கொடிகளும் பாலியஸ்டர் கொடிகளும் அனுமதிக்கப்படுகின்றன. 2022 ஜூலையில் வந்த மற்றொரு திருத்தத்தின்படி, திறந்த வெளியிலும் பொதுமக்களின் வீடுகளிலும் கொடியை இரவிலும் பறக்கவிடலாம்.

கொடியைக் கடைசி நாளில் தேடினால் அளவு தவறியதோ, சக்கரம் நடுவில் அமையாததோதான் கிடைக்கும். காதி விற்பனை நிலையங்களிலும் அஞ்சலகங்களிலும் முன்னதாகவே விசாரிப்பது பயன் தரும். வாங்கியவுடன் விரித்துப் பார்த்து, காவி நிறம் மேலே வரும் வகையில் கயிறு கோக்கும் துணிப்பட்டை அமைந்துள்ளதா, கிழிசலோ கறையோ உண்டா என்று சரிபார்க்க வேண்டும். சேதமடைந்த கொடியை ஏற்றக் கூடாது. கொடியின் மீது எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. சங்கத்தின் பெயரை அச்சிடுவதும் தவறே. சுவரில் செங்குத்தாக மாட்டினால், பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி நிறம் வர வேண்டும்.

மூன்றாம் நாள்: அலங்காரமும் உணவும்

தேசியக் கொடியைத் தோரணமாகவோ, மேடைத் திரையாகவோ, மேசை விரிப்பாகவோ பயன்படுத்தக் கூடாது. இடுப்புக்குக் கீழ் அணியும் உடையிலும், கைக்குட்டையிலும், மெத்தை உறையிலும் அதற்கு இடமில்லை. கொடியை அவமதிப்பது, 1971-ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். காவி, வெள்ளை, பச்சை நிறங்களில் தனித்தனியான பூக்களும் துணிப் பட்டைகளும் அலங்காரத்துக்குப் போதும். செவ்வந்தி, மல்லிகை, மாவிலை ஆகியவற்றைக் கொண்டே ஒரு மணி நேரத்தில் வாயிலை அலங்கரித்துவிடலாம்.

பிளாஸ்டிக் கொடிகள், பலூன்களுக்கான பிளாஸ்டிக் குச்சிகள், அலங்காரத்துக்கான தெர்மாகோல், பிளாஸ்டிக் தட்டுகள், குவளைகள் ஆகியவை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. குழந்தைகளின் கையில் காகிதக் கொடி கொடுக்கலாம். ஆனால், எத்தனை கொடுக்கப்பட்டன என்று எண்ணி வைத்து, முடிவில் அத்தனையும் திரும்பப் பெற வேண்டும்.

மூவண்ணச் சிற்றுண்டி குறித்து ஆண்டுதோறும் ஒரு தயக்கம் எழுவதுண்டு. அசோகச் சக்கரத்துடன் மூவண்ணக் கேக் வெட்டியதாகத் தொடரப்பட்ட கோயம்புத்தூர் வழக்கை, 2021-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; அந்தச் செயல் மேற்கண்ட சட்டத்தின்கீழ் குற்றமாகாது என்று அது கூறியது. எனினும் சக்கரத்தைத் தவிர்த்து நிறங்களோடு நிறுத்திக்கொண்டால் எவர் மனமும் புண்படாது. கேரட்டும் கீரையும் தரும் நிறங்களே இட்லிக்கும் டோக்ளாவுக்கும் போதுமானவை. வட இந்தியாவிலும் குஜராத்திலும் இந்நாளில் ஜிலேபி வழங்கும் வழக்கம் உண்டு. முந்தைய நாள் சொல்லிவைத்தால் காலையில் சூடாகக் கிடைக்கும். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் விரைவில் கெடக்கூடிய பால் இனிப்புகளை நெடுநேரம் வெளியே வைப்பது நல்லதல்ல.

முந்தைய மாலை: ஒத்திகை

ஆகஸ்ட் 14 மாலையில் அரை மணி நேர ஒத்திகையைத் தவறவிடக் கூடாது. கயிறு உருளையில் தடையின்றி ஓடுகிறதா என்று ஒரு சாதாரணத் துணியைக் கட்டிப் பார்க்க வேண்டும். கொடிக்குள் மலர் இதழ்களை வைத்துக் கட்ட விதிமுறை இடமளிக்கிறது. ஆனால், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சைப் போடத் தெரிந்தவரே கட்ட வேண்டும். கம்பம் மின்கம்பிகளுக்கு அருகில் இருந்தால் இடத்தை மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலம் என்பதால், ஒலி அமைப்பின் மின்வடங்கள் ஈரத் தரையில் கிடக்காதபடி உயர்த்திக் கட்டுவதும் அவசியம்.

தேசிய கீதத்தின் முழு வடிவத்தைப் பாட ஏறத்தாழ 52 நொடிகள் ஆகும். எடுத்துக்கொடுக்க இருவர் இருந்தால் அனைவரும் ஒரே சுருதியில் தொடங்க இயலும். முதியோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் நிழலில் நாற்காலிகள் போட்டு, கொடியேற்றும் நேரத்துக்குச் சற்று முன்பு மட்டும் எழச் சொல்வது உகந்தது.

விழா நாள்: ஒரு மணி நேரம் போதும்

கொடியை விரைவாக ஏற்ற வேண்டும். இறக்கும்போது மெதுவாக இறக்க வேண்டும். ஏற்றியவுடன் தேசிய கீதம், பிறகு ஐந்து நிமிடங்களுக்கு மிகாத ஒரு பேச்சு, குழந்தைகளின் இரண்டு அல்லது மூன்று நிகழ்ச்சிகள், சிற்றுண்டி என்ற வரிசையே போதுமானது. ஒத்திகை பார்க்காத பத்து நடனங்களைவிட, வளாகத்தில் வசிக்கும் பல மொழிக்காரர்கள் தத்தம் தாய்மொழியில் ஒரு நிமிடம் வாழ்த்துச் சொல்வது எளிதான ஏற்பாடு. அதற்குச் செலவும் இல்லை.

தில்லியில் சுதந்திர தினம் பட்டம் விடும் நாளும் ஆகும். கண்ணாடித் தூள் பூசிய நூலும் நைலான் மாஞ்சாவும் இருசக்கர வாகனத்தில் செல்வோரின் கழுத்தை அறுத்து உயிரைப் பறித்துள்ளன, பறவைகளும் மடிகின்றன. செயற்கை இழை மாஞ்சாவுக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-ஆம் ஆண்டு நாடு தழுவிய தடை விதித்தது. பட்டம் விட விரும்புவோர் பருத்தி நூலைப் பயன்படுத்த வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் பெரியவர்கள் துணையின்றிக் குழந்தைகளை விடக் கூடாது.

முடிவு: மடித்து வைப்பது

பல இடங்களில் இனிப்பு தீர்ந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. கொடியை எப்போது, யார் இறக்குவது என்று எவருக்கும் தெரிவதில்லை. மழையில் நனைந்து, காற்றில் கிழிந்து, செப்டம்பர் வரை அதே கம்பத்தில் தொங்கும் கொடிகள் அப்படி உருவாகின்றன. இறக்குபவரின் பெயரையும் முதல் நாளிலேயே எழுதி வைப்பதுதான் இதற்குத் தீர்வு.

இறக்கிய கொடி தரையில் படக் கூடாது. அதைக் கிடைமட்டமாகப் பிடித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் மடிக்க வேண்டும். பின்னர் அசோகச் சக்கரமும் இரு நிறங்களின் சிறு பகுதியும் மட்டும் தெரியும்படி இரு பக்கங்களிலிருந்தும் உள்நோக்கி மடித்து, உள்ளங்கைகளில் ஏந்திச் சென்று பாதுகாக்க வேண்டும். கிழிந்துபோன கொடியைக் குப்பையில் போடாமல், தனிமையில் எரித்தோ அதன் கண்ணியத்துக்கு உகந்த வேறு முறையிலோ முழுமையாக அழிக்க வேண்டும். காகிதக் கொடிகளுக்கும் இதே மரியாதை உண்டு.

ஆகஸ்ட் 16 காலையில் பெருக்க வரும் தூய்மைப் பணியாளரின் துடைப்பத்தில் ஒரு கொடிகூடச் சிக்கவில்லை என்றால், நான்கு நாளில் ஏற்பாடு செய்த அந்த விழா குறைவின்றி நடந்தது என்று கொள்ளலாம்.