செதுக்கினால் வெளிச்சம்

பிப்ரவரி 1 அன்று திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். டிசம்பர் கடைசியில் இருந்ததைவிடக் கால் மணி நேரம்கூட அதிகமில்லை. காவலூர் அமைந்த ஜவ்வாது மலையில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அதே நாளில் அயர்லாந்தின் டப்ளினில் பகல் ஏழரை மணியிலிருந்து ஒன்பது மணி நேரமாக வளர்ந்திருக்கும். கேலிக் மரபில் அது ஒரு திருநாள்: இம்போல்க். செம்மறி ஆடுகளின் மடியில் பால் ஊறும் பருவம். வசந்தத்தின் முதல் வாசல். கோரையில் புனித பிரிஜித்தின் பெயரிலான சிலுவை பின்னுவார்கள். 2023 முதல் அயர்லாந்தில் இதையொட்டி அரசு விடுமுறையும் உண்டு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பூமியின் 23.4 டிகிரி சாய்வு. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகப்போக, பருவத்துக்கேற்பப் பகல் நீள்வதும் குறுகுவதும் பெருகும். டப்ளின் 53 டிகிரி வடக்கில், காவலூர் பன்னிரண்டரையில். தென்வானத்தையும் நன்றாகப் பார்க்கலாம் என்று வானியலாளர் வைணு பாப்பு காவலூரில் வானாய்வகம் அமைத்ததும் இந்தத் தாழ்ந்த அட்சரேகையை நம்பித்தான்.

இம்போல்க்கை லினோகட் அச்சில் வடிக்கும் கலைஞர்கள் இருக்கிறார்கள். பொருத்தமான தேர்வு. லினோ தகட்டில் உளி பட்ட பள்ளத்தில் மை ஏறாது. தாளில் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். அதாவது, கலைஞர் செதுக்குவது வெளிச்சத்தை. இருட்டு தானாக எஞ்சுகிறது. 1930இல் ஓவியர் நந்தலால் போஸ் செதுக்கிய தண்டி யாத்திரைக் காந்தி, கறுப்புப் பின்னணியிலிருந்து வெள்ளைக் கோடுகளாக எழுந்து நடப்பது இப்படித்தான்.

தகட்டுக்குள் இன்னொரு வியப்பு. 1860களில் ஃபிரடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் தரைவிரிப்புக்காகக் கண்டுபிடித்த பொருள் இது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ரப்பர்போல் இறுகும். அதில் தக்கைத் தூளைக் கலந்து சணல் துணியில் பரப்பினால் லினோலியம். அச்சுக்கான எண்ணெய் மையிலும் பெரும்பாலும் அதே ஆளிவிதை எண்ணெய்தான். அது தாளில் உலர்வதும் அதே வினையால். பழைய தகடு ஆண்டுகள் கழிந்து நொறுங்குவதும் அந்த வினை நிற்காமல் தொடர்வதால்தான். குளிர்ந்த லினோ விறைத்து உளிக்கு முரண்டுபிடிக்கும். அதனால் குளிர்நாட்டுக் கலைஞர்கள் தகட்டைச் சூடாக்கிவிட்டுச் செதுக்குவார்கள். நம் ஊரில் அந்த வேலையை வெயிலே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் நம் இலையுதிர் காடுகளில் வசந்தம் இம்போல்க்கைப்போல் வளரும் வெளிச்சத்தால் வருவதில்லை. வறட்சியில் இலை கொட்டி, வெறுங்கிளையில் புரசு மரம் சிவப்பாகப் பூக்கும்போது வருகிறது. அதை அச்சிடக் கறுப்புத் தகடு ஒன்று போதாது. சிவப்புக்கென்று இன்னொன்றைச் செதுக்க வேண்டும்.