துணைவிண்மீனின் ஒளிமாற்றமும் துடிவிண்மீனின் நிறையும்: பி1957+20 இணையை முன்வைத்து

பல்சர் எனப்படும் துடிவிண்மீன், விரைந்து சுழலும் நியூட்ரான் விண்மீனாகும். கலங்கரை விளக்கின் ஒளிபோல அதன் வானொலிக் கற்றை சுழற்சிக்கு ஒருமுறை புவியைத் தொட்டுச் செல்கிறது. அத்துடிப்புகள் வந்தடையும் நேரத்தை அளந்தால், அதற்குத் துணைவிண்மீன் உண்டா, அது எத்தனை மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது என்பன துல்லியமாகக் கிடைக்கும். இரண்டின் தனித்தனி நிறை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. அதற்குத் துணைவிண்மீனையே நோக்க வேண்டியுள்ளது.

1988ஆம் ஆண்டு அரெசிபோ வானொலித் தொலைநோக்கியால் கண்டறியப்பட்ட பி1957+20 இதற்குத் தக்க சான்று. இத்துடிவிண்மீன் 1.6 மில்லிநொடிக்கு ஒருமுறை சுழல்கிறது. சூரிய நிறையில் ஏறத்தாழ 2 அல்லது 3 விழுக்காடே கொண்ட அதன் துணை, 9.2 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. முன்பு தன் பொருளை ஈந்து சுழற்சியை விரைவுபடுத்திய அத்துணையையே துடிவிண்மீனின் துகள்காற்று இன்று ஆவியாக்கி வருகிறது. இணையைத் தின்னும் 'கருங்கைம்பெண்' சிலந்தியின் பெயர் இதற்கு வாய்த்தது அதனால்தான். அச்சிலந்தி எப்போதும் அவ்வாறு செய்வதில்லை என்பது வேறு செய்தி.

நிலவு புவிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல் இத்துணையும் துடிவிண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டுவதாகக் கொள்ளப்படுகிறது. சூடேறிய முகத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 8300 கெல்வின். மறுமுகத்தினது 2900 கெல்வின். எனவே ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை பொலிந்து ஒருமுறை மங்குகிறது. சுற்றுத்தளத்தை விளிம்புவாட்டில் காண்போர்க்கு இவ்வேறுபாடு மிகும். நேர் மேலிருந்து காண்போர்க்கு மாற்றமே தோன்றாது. ஆகவே ஒளிமாற்ற வளைகோட்டின் வடிவத்திலிருந்து சாய்கோணத்தைக் கணிக்க இயலும்.

நிறைக் கணக்கின் திறவுகோல் இக்கோணமே. நிறமாலை காட்டுவது துணையின் வேகத்தில் நம்மை நோக்கிய கூறு மட்டும். கோணம் குறைந்தால் உண்மை வேகம் கூடும்; நிறையோ அக்கோணத்தின் சைன் மதிப்பின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் உயரும். 2007இல் வளைகோட்டிலிருந்து பெறப்பட்ட கோணம் ஏறத்தாழ 65 பாகை. அதனை நிறமாலை அளவீட்டுடன் இணைத்து, துடிவிண்மீனின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 2.4 மடங்கு என 2011இல் கணக்கிடப்பட்டது. இந்நிறை மெய்யாயின், நியூட்ரான் விண்மீனின் உட்பொருளை விளக்கும் கோட்பாடுகளுள் பலவற்றைக் கைவிட நேரிடும்.

2023இல் வெளிவந்த ஆய்வு இதனை மாற்றியது. ஃபெர்மி விண்தொலைநோக்கி பல்லாண்டுகள் திரட்டிய தரவுகளில், துணை குறுக்கிடும் சிறுபொழுதில் காமாக்கதிர்கள் மறைவது தெரிந்தது. வானொலி மறைப்பு இங்கு முதலிலிருந்தே அறியப்பட்டதுதான். எனினும் அதனைச் சூழ்ந்த வளிமமே உண்டாக்குவதால் கோணத்தை அதனால் உறுதிசெய்ய முடியவில்லை. காமாக்கதிரை மறைக்க விண்மீனின் உடலே குறுக்கிட வேண்டும். அதன்படி கோணம் 84 பாகைக்குக் குறையாது, நிறையும் 1.81 மடங்காகக் குறைந்தது.

பிழை ஒளி அளவீட்டில் இருந்ததாகக் கொள்வதைவிட, அதற்குப் பொருள்கூறிய வெப்ப மாதிரியில் இருந்தது எனக் கொள்வதே பொருத்தம். வெப்பம் படும் இடத்திலேயே உமிழப்படுகிறது என எளிய மாதிரி எண்ணுகிறது. மேற்பரப்புக் காற்றோட்டம் அதனை இருள்முகத்திற்குக் கடத்தக்கூடும். காமாக்கதிர் மறைப்போ விளிம்புவாட்டில் அமைந்த சில இணைகளில் மட்டுமே நிகழ்வது. ஏனையவற்றின் நிறைக்கு ஒளிமாற்ற வளைகோடே இன்றும் முதன்மைச் சான்று என்பதால், வெப்பக் கடத்தலையும் கணக்கில் கொள்ளும் மாதிரிகள் இப்போது உருவாக்கப்படுகின்றன.