ஆறு மாதத்துக்கு ஒரு கண்ணாடியா? கருவிழியைக் காக்கும் 'கிராஸ் லிங்கிங்' சிகிச்சை

கல்லூரி படிக்கும் பையனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் பவர் ஏறுகிறது. புதுக் கண்ணாடி போட்டும் எழுத்துகள் நிழல் விழுந்தது போல இரட்டையாகத் தெரிகின்றன. "எந்நேரமும் மொபைல் பார்த்தா இப்படித்தான்" என்று வீட்டில் திட்டு விழும். ஆனால், பிரச்சினை கருவிழியிலேயே இருக்கலாம்.

அதன் பெயர் கெரட்டோகோனஸ். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் கருவிழிப் படலம் மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் புடைத்துக்கொள்ளும் நோய் இது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். அலர்ஜியால் கண்ணை அடிக்கடி கசக்குபவர்களிடம் அதிகம் காணப்படுகிறது.

கண்ணாடியும் காண்டாக்ட் லென்ஸும் பார்வையைத் திருத்துமே தவிர, கருவிழி மெலிவதைத் தடுக்காது. அதைத் தடுப்பதுதான் 'கிராஸ் லிங்கிங்'. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான இந்தச் சிகிச்சையின் முதல் முடிவுகள் 2003-ல் வெளியாகின. அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி 2016-ல்தான் கிடைத்தது.

கண்ணை மரத்துப்போகச் செய்து, கருவிழியின் மேல்தோலை நீக்குவார்கள். ரிபோஃப்ளேவின் எனும் வைட்டமின் பி2 சொட்டு மருந்தை அரை மணி நேரம் விடுவார்கள். அடுத்த அரை மணி நேரம் புற ஊதா ஒளி. வேகமாக முடியும் முறைகளும் இப்போது உண்டு. மருந்தும் ஒளியும் சேர்ந்து, கருவிழியில் உள்ள கொலாஜன் இழைகளுக்கு நடுவே புதிய பிணைப்புகளை உண்டாக்குகின்றன. தொய்ந்த கயிற்றுக் கட்டிலுக்குக் குறுக்கே கூடுதல் கயிறு கட்டுவது போலத்தான். மேல்தோல் வளரும்வரை சில நாட்கள் வலி, கூச்சம், கண்ணீர் இருக்கும்.

சரி, போன பார்வை திரும்புமா? பலரும் ஏமாறுவது இங்கேதான். இருக்கும் நிலையை அப்படியே நிறுத்துவதுதான் இதன் வேலை. சிலருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் தெரியலாம். கண்ணாடியோ லென்ஸோ தொடரும். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம். வழக்கமான முறைக்குக் கருவிழி குறைந்தது 400 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும். இல்லையென்றால் புற ஊதா ஒளி உட்புறச் செல்களைப் பாதிக்கும். ரொம்பவே மெலிந்து தழும்பு விழுந்துவிட்டால், கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போக நேரிடலாம்.

சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போனால், 'டோபோகிராபி' ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கண் மருத்துவரிடம் கேட்கலாம். வலிக்காது. லேசிக் செய்து கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று போகிறவர்களில் சிலருக்கு, இந்த ஸ்கேனில்தான் நோய் இருப்பதே தெரியவருகிறது. அவர்களுக்கு லேசிக் கூடாது. ஏற்கெனவே மெலிந்த கருவிழியை அது இன்னும் மெலிதாக்கிவிடும்.